கைப்பிடிக்குப் பின்னால்

மார்லிஸ் டீக்மன் தன் கணவனின் காரை நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஓட்டியிருக்கிறாள். அதுவும் அவனுக்குத் தெரியாமல்.

அது 1988 ஜூலை. வெர்ன் நண்பர்களோடு மீன் பிடிக்க விஸ்கான்சின் பக்கம் நான்கு நாள் போயிருந்தான். மூன்றாம் நாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, கையைத் துடைத்துக்கொண்டு கராஜுக்குப் போய்க் கொக்கியில் தொங்கிய சாவியை எடுத்தாள். துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளினாள். அவர்கள் ஊரான ஆல்டனிலிருந்து மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே போகும் சாலையில் கிராஃப்டன் வரை ஓட்டினாள். அங்கே ஒரு துண்டு பிளாக்பெர்ரி 'பை' பலகாரம் தின்றாள். திரும்பி வந்து, வண்டியைக் கழுவித் துடைத்து, நின்ற இடத்திலேயே அங்குலம் பிசகாமல் நிறுத்தினாள். வெர்ன் வந்தான், வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று அவள் அன்றைக்கு விட்ட பெருமூச்சு இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

தப்பித்தது அதிர்ஷ்டம்தான். ஏனென்றால் அந்த வண்டி விஷயத்தில் வெர்ன் சாதாரண மனிதனாக நடந்துகொண்டதே கிடையாது. 1967-ஆம் வருஷத்து கார்வெட். இரண்டே சீட், கடல் நீலம். ஒரு பல் டாக்டரிடமிருந்து 1974-இல் வாங்கினான். கராஜ் வாசலில் ஒரு பழைய சாம்பல் கிண்ணம் இருக்கும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் என்று பெயின்டைக் கீறக்கூடிய எல்லாவற்றையும் அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் யாரும் வண்டிக்குப் பக்கத்தில் போகலாம். ஒருமுறை தேவாலயத்திலிருந்து பாதிரியார் வண்டியை ஆசீர்வதிக்க வந்தபோது அவருடைய பெல்ட்டையும் கழற்றச் சொல்லிவிட்டான். மனிதர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தீர்த்தம் தெளித்தார். தெளித்த தீர்த்தத்தை அவர் தெருமுனை தாண்டும் முன்பே வெர்ன் ஒற்றி எடுத்துவிட்டான். தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழுமாம். இந்தக் கார்க்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

போன நவம்பரில் வெர்ன் போய்ச் சேர்ந்தான். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், மருந்து மயக்கத்தில், "ரெண்டு புள்ளி, மார்லி. வெறும் ரெண்டு புள்ளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சர்க்கரை அளவைச் சொல்கிறானோ என்று மார்லிஸ் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். பிறகுதான் புரிந்தது, சங்கத்துப் போட்டியைச் சொல்கிறான் என்று.

அந்த மாவட்டத்துப் பழைய கார் சங்கம் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜெர்சிவில் சந்தைத் திடலில் கூடும். அதில் 'பழமை மாறா வண்டிகள்' என்று ஒரு பிரிவு. மற்றப் பிரிவுகளில் புதுப் பெயின்ட் அடித்து, புது சீட் தைத்து, கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொண்டுவருவார்கள். இதில் அது நடக்காது. தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட், அதே தோல் சீட், அதே கார்பெட் இருக்க வேண்டும். தேய்ந்திருக்கலாம், வெடித்திருக்கலாம், கீறல்கூட இருக்கலாம். ஓட்டின வண்டியில் கீறல் விழாதா என்ன? ஆனால் எதையும் மாற்றியிருக்கக் கூடாது, மேலே பூசி மறைத்திருக்கக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் பித்தளைத் தகடு ஒன்று தருவார்கள். வெர்ன் 2011-இல் போனான், எண்பத்தெட்டு. 2014-இல் போனான், மறுபடியும் எண்பத்தெட்டு. முதல் தடவை போகும் முன்பே தகடு மாட்டக் கராஜ் சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தான். அந்த ஆணி அப்படியே இருக்கிறது.

இந்த வருஷம் அந்த ஆணியில் தகடு தொங்கியாக வேண்டும் என்று மார்லிஸ் முடிவு செய்துவிட்டாள். வண்டியை ஏதாவது கடையில் கொடுத்துச் செய்யலாமே என்று பியோரியாவிலிருந்து மகள் போனில் சொன்னாள். மார்லிஸ் கேட்டுக்கொண்டாள், சரி சரி என்றாள், போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய் மோதிரத்தைக் கழற்றிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டாள். முப்பது வருஷம் பல் ஆஸ்பத்திரியில் ஊரார் பல்லையெல்லாம் சுத்தம் செய்தவள் அவள். சுத்தம் செய்ய அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

போட்டி சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆரம்பித்தாள்.

முதலில் கழுவல். இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறைத் துணியைச் சோப்பில் நனைத்து ஒரு கை துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் விட வேண்டும். இல்லையென்றால் துணியில் ஒட்டிய மணலே பெயின்டைக் கீறிவிடும். வட்டம் வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நீளவாக்கில் மேலிருந்து கீழே. இதையெல்லாம் வெர்ன் செய்வதை அடுக்களை ஜன்னல் வழியாக அவள் நாற்பது வருஷம் பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேதான் பார்த்தாள்.

துடைத்து முடிக்கும் நேரத்துக்கு லைல் டெபி வந்து சேர்ந்தான். வெர்னோடு பாட்டில் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவன், பக்கத்துத் தெரு. அவனிடமும் ஒரு பழைய கார் உண்டு. அதற்கு மூன்று தடவை சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறான், நான்காவது தடவைக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் பாலிஷ் போடும் மெஷினோடு வந்திருந்தான்.

"தள்ளு மார்லிஸ். ஒரு மணி நேரம் குடு. இதுல முகம் பாத்துப் பவுடர் போட்டுக்கலாம், அப்படிப் பண்ணித் தர்றேன்."

மார்லிஸ் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே வெர்னின் பழைய பாலிஷ் துணிகள். அத்தனையும் நீலம்.

"இது என்ன சாயம்னு நினைக்கிறே? லைல், இது காரோட தோல். அந்தக் காலத்து பெயின்ட். தேய்க்கத் தேய்க்கத் துணிக்கு வந்துடும். இருபது வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம ஆசை ஆசையாத் தேய்ச்சே பாதியைக் கரைச்சுட்டான். மீதி இருக்கறது உன் மெஷினுக்கு ஒரு நிமிஷம் தாங்காது."

"அப்போ மெழுகு?"

"மெழுகு போடலாம். மெழுகு எதையும் எடுக்காது. நீ அந்த மெஷினைக் கொண்டுபோய் உன் பல்லுல வை, அங்கதான் அதுக்கு வேலை இருக்கு."

லைலின் பல் ஈறு விவகாரம் மார்லிஸுக்கு முழுக்கத் தெரியும் என்பதால் அவன் மேலே பேசவில்லை. மெஷினைத் தன் வண்டியில் வைத்துவிட்டு வந்து, போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கும் வெர்ன் இல்லாமல் திங்கட்கிழமைகள் நீளமாகத்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை உள்புறம். வாக்குவம் க்ளீனரின் வாயில் பழைய காலுறை ஒன்றைக் கட்டி, குறைந்த வேகத்தில் கார்பெட்டை உறிஞ்சினாள். ஐம்பத்திரண்டு வயது கார்பெட், நூல் கழன்றால் கழன்றதுதான். தோல் சீட்டை ஈரத்துணியால் ஒற்றினாள். தையல் ஓரத்து அழுக்கை மென்மையான பல் துலக்கும் பிரஷால் எடுத்தாள். பிறகு தோலுக்கான கிரீமை ஷூ பாலிஷ் அளவுக்குக்கூட இல்லாமல் மிகக் கொஞ்சமாகத் தடவி ஊற விட்டாள். வெடிப்புகளை அவள் தொடவில்லை. வெடிப்பு வயதால் வந்தது, அதற்கு யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

டாஷ்போர்டு அறையைக் காலி செய்தபோதுதான் அந்த இரண்டு காகிதங்கள் கிடைத்தன. 2011, 2014 மதிப்பெண் தாள்கள். வெர்ன் அவற்றை அவளிடம் ஒருபோதும் காட்டியதில்லை. கிடைத்தது எண்பத்தெட்டு என்பான், உதட்டைப் பிதுக்குவான், அதோடு சரி. மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். கார்பெட்டுக்கு ஒன்று, கூரைத் துணிக்கு இரண்டு என்று சில்லறைக் கழிவுகள். பிறகு: 'இடது கதவு, கைப்பிடிக்குப் பின்னால். பிற்காலத்துப் பூச்சு, இரண்டு அங்குலம். மூன்று புள்ளி கழிவு. பூச்சை நீக்கிக் கொண்டுவந்தால் கழிவு இல்லை.' இரண்டு தாளிலும் அதே வரி. இரண்டாவதில் நடுவர் கடைசி வாக்கியத்துக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தார்.

மார்லிஸுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று புள்ளி திரும்பினால் தொண்ணூற்றொன்று. தகடு. இரண்டு அங்குலப் பூச்சை எடுக்க உடம்பு வணங்காமல் ஏழு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானா இந்த மனிதன்? கொசு உட்கார்ந்த தடத்தைக்கூட விடாமல் துடைத்தவனுக்கு இது மட்டும் கைக்கு வராமல் போனது எப்படி? செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். அவள் அன்றைக்கு நன்றாகவே திட்டினாள்.

இடது கதவுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. லைலிடம் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று இருந்தது. அதை வாங்கி அடித்தபோது தெரிந்தது, கைப்பிடிக்குப் பின்னால், விரல் நுழைகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை. மற்ற இடமெல்லாம் ஒரு நிறம், அது மட்டும் வேறு. வியாழக்கிழமை நல்ல பகல் வெளிச்சத்தில் இதை எடுப்பது என்று முடிவு செய்தாள். புதன்கிழமைக்கு டயரும் சக்கரக் கம்பிகளும் இருந்தன.

ஆனால் புதன்கிழமை டயருக்குப் போகவில்லை. லைல் கெடுத்தான். அவள் காபி போட உள்ளே போன பத்து நிமிஷத்தில், தான் கொண்டுவந்திருந்த பளபளப்பு ஸ்பிரேயை டாஷ்போர்டு முழுக்க அடித்துத் தேய்த்துவிட்டு, பிறந்தநாள் கேக் வெட்டப் போகிறவன் போலச் சிரித்துக்கொண்டு நின்றான். டாஷ்போர்டு எண்ணெயில் முக்கி எடுத்தது போல மின்னியது. இந்தப் பிரிவில் அந்த மினுமினுப்புக்கே இரண்டு புள்ளி போய்விடும். தொழிற்சாலையிலிருந்து அது மங்கலாகத்தான் வந்தது, மங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

மார்லிஸ் காபிக் கோப்பைகளைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் லைலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உக்காரு" என்றாள்.

"மார்லிஸ், நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"தெரியும். உக்காரு. அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. பஞ்சுக் குச்சி முன்னூறு வாங்கி வச்சிருக்கேன். தீர்ந்தா இன்னும் வாங்கிட்டு வருவே."

வெதுவெதுப்பான தண்ணீரில் சொட்டுச் சோப்பு. துடை, அலசு, ஒற்று. மறுபடி துடை. அந்த ஸ்பிரேயின் பிசுக்கு அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை. ரேடியோவின் குமிழ்களைச் சுற்றி, வேகமானியின் விளிம்பைச் சுற்றி, தையல் தையலாக, குச்சி குச்சியாக எடுத்தார்கள். மதியம் டுனா சாண்ட்விச்சைக் கராஜுக்கு வெளியே நின்று தின்றார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு லைல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போதும் என்றான். மார்லிஸ் விரலால் தொட்டுப் பார்த்து இன்னும் வழுக்குகிறது என்றாள். எழுபத்தோரு வயதில் அவளுக்கு மட்டும் இடுப்பு இல்லையா? ஐந்தரைக்குத்தான் டாஷ்போர்டு பழைய மங்கலுக்கு வந்தது. அதன் பிறகுதான் அவன் மீது கோபப்பட அவளுக்கு நேரம் கிடைத்தது. அதற்குள் அவன் தன் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் அணிந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் கட்டிக்கொண்டு, இடது கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டாள் மார்லிஸ். உலோகப் பல் கொக்கி வேண்டாம், பெயின்டைக் குத்திவிடும். செயற்கைப் பல்லுக்கென்று பிளாஸ்டிக்கில் செய்த கொக்கி ஒன்று வைத்திருந்தாள். லைல் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வந்து, தலை உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெல்லிய சூடு, ஒரு அடி தள்ளி.

கொஞ்சம் தவறினால் அடியில் இருக்கும் அசல் பெயின்டும் கூடவே வந்துவிடும். வந்தால் அவ்வளவுதான். மூன்று புள்ளி என்ன, கதவே போயிற்று. நாள் முழுக்க ஆகும் என்றுதான் நினைத்து உட்கார்ந்தாள். ஆனால் ஓரத்தில் கொக்கியை வைத்ததும் பூச்சு தானாகவே எழும்பிக் கொடுத்தது. வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல மொத்தமாகச் சுருண்டு வந்தது. அடியில் வழுவழுவென்று ஏதோ இருந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தாள். மெழுகு.

லைல் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"மெழுகு மேலயா பெயின்ட் அடிச்சிருக்கான்? வெர்னா? சும்மா சொல்லாதே. மெழுகு இருந்தா பெயின்ட் ஒட்டாதுன்னு எனக்கே அவன்தானே நூறு தடவை சொல்லியிருக்கான்."

"தெரியாம அடிக்கலை" என்றாள் மார்லிஸ். "ஒட்டக் கூடாதுன்னுதான் அடிச்சிருக்கான். எப்ப வேணாலும் உரிச்சு எடுக்கற மாதிரி."

அப்படியானால் ஏன் எடுக்கவில்லை? மெழுகை ஒற்றி எடுத்தாள். அடியில் கடல் நீலம் அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு கீறல். சரியாகச் சொன்னால் இரண்டு கீறல், தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில், வளைந்து, கைப்பிடியின் அடியிலிருந்து வெளிப்பக்கம் ஓடின.

மார்லிஸ் எழுந்து போய்ச் சாம்பல் கிண்ணத்திலிருந்து மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். பழைய காலத்து மோதிரம். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். கதவைத் தொடாமல், மயிரிழை தள்ளி, கைப்பிடிக்குள் விரலை விட்டு இழுப்பது போல அசைத்துப் பார்த்தாள். இரண்டு கொக்கி, இரண்டு கீறல். அதே இடைவெளி, அதே வளைவு. பாத்திரம் கழுவிய கையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடியவள், சாம்பல் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெர்ன் மோதிரமே போடாதவன். பாட்டில் தொழிற்சாலையில் மெஷினில் மாட்டும் என்று கல்யாணமான வாரமே கழற்றி வைத்தவன்.

"எப்ப ஆச்சு இது?" என்று லைல் கேட்டான்.

"எண்பத்தெட்டு ஜூலை" என்றாள். "நீங்கல்லாம் மீன் பிடிக்கப் போனீங்களே, அப்ப."

வண்டியைச் சுற்றி அவன் நடந்த அந்த ஒரு நடை. அன்றைக்கே பார்த்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, பெட்ரோல் வாடை வருகிறது, கிட்டே வராதே என்றான். அவள் கண்ணில் படுவதற்குள் அதை மறைத்திருக்கிறான். மறைத்துவிட்டு முப்பத்தொரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. தன் ரகசியத்தைத் தானே காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். காப்பாற்றியது அவன்.

"மடையன்" என்றாள் மார்லிஸ். லைல் தலை உலர்த்தும் மெஷினை அணைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து லைல் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். கீறல் ஆழமில்லை, மெழுகை அழுத்தித் தேய்த்தால் வெயிலில் பாதி தெரியாது, நடுவர் கவனிக்காமலே போய்விடலாம். மார்லிஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஒருத்தன் மறைச்சது போதும்" என்றாள். "டயரை எடு. இன்னும் நாலு சக்கரம் இருக்கு."

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை இருந்தது. சக்கரத்து இடுக்குகளில் பல் பிரஷ் போட்டாள். டயரைச் சோப்பில் கழுவி, மினுக்காமல் விட்டாள். மெழுகை உள்ளங்கையாலேயே மெலிதாகத் தடவி ஒரே ஒரு சுற்று முடித்தாள். கைப்பிடிக்குப் பின்னால் வந்தபோது அந்தக் கீறலையும் மற்ற இடத்தைப் போலவே தடவித் துடைத்தாள், கூடவுமில்லை குறையவுமில்லை.

சனிக்கிழமை ஜெர்சிவில்லுக்கு லைலின் டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். திடலில் சுட்ட பிராட்வர்ஸ்ட் சாசேஜ் வாசனை, பெல்ட் இல்லாமல் கால்சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு திரியும் கிழவர்கள். பழமை மாறா பிரிவில் ஏழு வண்டிகள். நடுவர் ஹோமர் ஓபர்மன் என்று ஒல்லியான ஒருவர். 2011-இலும் 2014-இலும் கையெழுத்துப் போட்ட அதே ஆள். எழுதும் பேடும் ஊதா விளக்குமாக நாற்பது நிமிஷம் வண்டியைச் சுற்றினார், முழங்காலிட்டார், படுத்துப் பார்த்தார். டாஷ்போர்டை விரல் நுனியால் தொட்டு முகர்ந்தார். லைல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியில் இடது கதவுக்கு வந்தார். விளக்கை அடித்தார். குனிந்து பார்த்தார்.

"எடுத்துட்டீங்க" என்றார்.

"எடுத்துட்டேன்."

பேடிலிருந்து ஒரு தாளைப் பிரித்து நீட்டினார். உரிமையாளர் அறிவிப்பு. கண்ணுக்குத் தெரியும் தழும்பு எதுவாக இருந்தாலும் எப்போது, எப்படி என்று எழுத ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் 'தெரியவில்லை' என்றுதான் எழுதுவார்கள், அதனால் ஒன்றும் குறையாது என்றார். மார்லிஸ் பேனாவை வாங்கி, கூட்டெழுத்தில் எழுதாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல எழுத்து எழுத்தாக எழுதினாள்: '1988 ஜூலை. மனைவியின் மோதிரம். கிராஃப்டன் வரை ஓட்டிப் போனாள். கணவனைக் கேட்கவில்லை.'

ஓபர்மன் வாசித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போன தடவை நான் அவர்கிட்ட சொன்னேம்மா. அரை மணி நேர வேலை, இப்பவே உரிச்சுட்டு வாங்க, மத்தியானமே தகடு தர்றேன்னு. அவர் திரும்பி உங்களைப் பாத்தார். நீங்க அதோ அந்த மரத்தடியில உக்காந்து லெமனேட் குடிச்சிட்டிருந்தீங்க. 'வேணாம், அப்படியே இருக்கட்டும்'னுட்டு எண்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். பிடிவாதக்காரர்னு நினைச்சுக்கிட்டேன்."

"பிடிவாதக்காரர்தான்" என்றாள் மார்லிஸ். அழுதாள். துடைத்துக்கொள்ளக் கையில் இருந்தது நீலம் படிந்த பழைய துணி ஒன்றுதான். அதனாலேயே துடைத்துக்கொண்டாள்.

ஐந்து வருஷத்தில் கார்பெட் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போயிற்று. கதவுக்குக் கழிவு இல்லை. 'உபயோகத்தால் வந்த தழும்பு, அசல்' என்று எழுதினார் ஓபர்மன். மொத்தம் தொண்ணூறு.

சாயங்காலம் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, லைல் டிரெய்லரின் சாய்வுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து வந்து தகட்டை அவன் கையில் கொடுத்தாள். பலகையைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னாள். துணிக்கூரையின் கொக்கிகளை விடுவித்து மடித்துப் பின்னால் தள்ளினாள்.

"ஓட்டிட்டா வரப் போறே?" என்றான் லைல். "நேர் ரோட்டுல கிராமத்து லாரி எல்லாம் கல்லை வாரி அடிச்சுட்டுப் போவான்."

"நேர் ரோட்டுல போகலை. கிராஃப்டன் வழியா."

"அது சுத்து."

"தெரியும்."

லைல் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் கையைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் அதைச் சொல்லியேவிட்டான்.

"மோதிரம், மார்லிஸ்."

"போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அந்தக் கையாலேயே கதவைத் திறந்தாள்.